புதுக் கணிப்பொறி விளையாட்டின் நடுவே நிற்பதேன்?

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

பாகம் பாகமாக வாங்கி, நம் கையாலேயே கணிப்பொறி ஒன்றைப் பூட்டி முடிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியே தனி. சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் அம்மகிழ்ச்சியை அடைந்தான். ஆனால் அது இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் இருபது நிமிடத்தில் திரை உறைந்து நின்றது. “கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பாருங்கள்” என்றார் கடைக்காரர். அதன் விலையோ மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி! அப்பாவிடம் மீண்டும் போய் நிற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஆகவே காரணத்தை நாங்களே தேடத் தொடங்கினோம்.

கடிதம் தட்டச்சு செய்யும்போது நிற்காத கணிப்பொறி, விளையாட்டில் மட்டும் நிற்பானேன்? தட்டச்சு செய்யும்போது அது பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது. விளையாட்டிலோ பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் பாரம் சுமக்கின்றன. வெற்று வண்டியில் தெரியாத அச்சின் விரிசல், நெல் மூட்டை ஏற்றியதும் தெரிந்துவிடுகிறதல்லவா?

அறிகுறிகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். கணிப்பொறி சட்டென்று முழுதும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ வெப்பத்தையோ ஐயுறலாம். நீலத்திரை தோன்றி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் காட்டினால் ரேமைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு விளையாட்டு மட்டும் நின்றால், குறை அதன் கோப்புகளிலேயே இருக்கக்கூடும். விண்டோஸ் பதிவேட்டில் காணும் ‘கெர்னல் பவர் 41’ என்னும் குறிப்பு, கணிப்பொறி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்லும், எஸ்.எம்.பி.எஸ். கெட்டது என்பதற்கு அது சான்றாகாது.

அறிகுறி நம்மை ஏமாற்றவும் கூடும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் நின்றபோது, ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியே திரையில் தோன்றியது. கிராபிக்ஸ் கார்டைக் குறை கூறத் தோன்றும் அல்லவா? ஆனால் பிராசஸருக்கு அளவு மிஞ்சிய மின்னழுத்தம் சென்றதே காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே அறிவித்தது. பயாஸ் வழியாகத் திருத்தமும் வந்தது. எனினும் முன்பே பழுதான பிராசஸரை அத்திருத்தம் குணப்படுத்தாது.

எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் நாங்கள் முதலில் ஐயுற்றது ரேமை. பெட்டியில் 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம், தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்க வேண்டும். அதை அணைத்தோம். இரண்டு மணி நேரம் விளையாடியும் திரை உறையவில்லை! மீண்டும் அதை இயக்கி, இரண்டு ரேம்களையும் தனித்தனியே பொருத்தி, மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரலை இரவு முழுதும் ஓட்டினோம். ஒன்று பிழையின்றித் தேறியது. மற்றொன்று பிழைகளை அடுக்கியது. உத்தரவாதத்தில் அதை மாற்றித் தந்தார்கள். அப்பாவிடம் போய் நிற்கும் தேவை எழவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும்போது, கம்பியையும் மின்னழுத்தத்தையும் ஒருசேர மாற்றுவதில்லை. கணிப்பொறிக்கும் அதுவே நெறி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. காரணம் தெரியும்வரை பணப்பையைத் திறக்காதிருப்பதே அறிவுடைமை!