மேட்டுக்கும் மூச்சு உண்டு

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது பாரும் பீமும்தான். கீழே விரிந்து கிடக்கும் மேட்டை யாரும் ஒரு கருவியாக எண்ணுவதில்லை. தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நம்பி, அதோடு விட்டுவிடுகிறோம். நம்பிக்கையில் பாதி சரிதான். பீமின் உயரம் 125 செ.மீ.; ஆண்களின் ஹரிசாண்டல் பார் தரையிலிருந்து 280 செ.மீ. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் மணிக்கு சுமார் 22.5 கி.மீ. வேகத்தில் கீழே வந்து சேர்கிறது. அந்த வேகம் 1 செ.மீ. தூரத்துக்குள் அடங்கினால் உடல் தாங்க வேண்டிய விசை சராசரியாக அதன் எடையைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு, 10 செ.மீ.க்குள் அடங்கினால் சுமார் 20 மடங்கு. அப்படியானால் ஒரு மீட்டர் தடிமனில் பஞ்சுபோல் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். முதுகில் விழுபவருக்கு அது நல்லதுதான். காலில் இறங்குபவருக்கு ஆபத்து. புதைந்த பாதம் நகராது, மேலே உடலோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். கணுக்காலும் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். போட்டிகளில் இறங்குமிடத்து மேட் 20 செ.மீ. அளவில், காலுக்குப் பிடி கொடுக்கும் இறுக்கத்தோடு இருப்பது இதனால்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் திரிபுராவின் தீபா கர்மாகர் புரொடுனோவா என்ற கடினமான வால்ட் செய்து இறங்கியபோது ஏறத்தாழ மேட்டில் உட்கார்ந்தே விட்டார். கால்கள் மட்டும் நழுவவில்லை. 15.066 புள்ளிகளோடு நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் தவறியது.

மேட்டுக்குள் இருக்கும் ஃபோமின் வேலைதான் விசித்திரம். ஃபோம் மெத்தென்று இருப்பதால் அடி குறைகிறது என்றே நினைக்கிறோம். அதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. கிராஷ் மேட் எனும் தடித்த மெத்தையின் மீது உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினால் கை உள்ளே போகும். அதே கையால் ஓங்கி அறைந்தால் மேட் எதிர்க்கும். ஃபோமின் கோடிக்கணக்கான சிறு அறைகள் ஒன்றோடொன்று வாசல் வைத்துக்கொண்டவை. விழுகிற உடல் அந்த வாசல்கள் வழியாகக் காற்றைப் பிதுக்கித் தள்ளுகிறது. அந்த உராய்வில், விழுந்த வேகத்தின் ஆற்றல் வெப்பமாகி ஒழிகிறது. ஸ்பிரிங் கட்டில்போல் ஆளைத் திருப்பி எறியாமல் மேட் வாங்கிக்கொள்வது இப்படித்தான். வெளியேறும் காற்றுக்கு வழிவிடத்தான் ரெக்சின் உறையின் பக்கவாட்டில் வலைத்துணி வைத்துத் தைக்கிறார்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். அந்த வலை அடைபட்டால் மேட் பலூனாகி விழுந்தவரை உதைக்கும்.

நீலகிரியின் பயிற்சிக் கூடங்களுக்குச் சிக்கல் இந்த வலையில்தான் தொடங்குகிறது. வெளியே போன காற்று திரும்பி உள்ளே வந்தாக வேண்டும். ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், ஜூன் முதல் அந்தக் காற்றில் பாதி மஞ்சு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை வந்துவிடும். பிரித்து வைத்த வர்க்கி பிஸ்கட் மாலைக்குள் நமத்துப்போகிற ஊரில் ஃபோம் மட்டும் எப்படித் தப்பும்? குளிர்ந்த சிமென்ட் தரையில் படுத்தே கிடக்கும் மேட்டின் அடிப்பக்கம் முதலில் ஈரமாகிறது. காற்று போகும் வாசல்களில் நீர் நிற்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, ஃபோம் தொய்கிறது. மேலிருந்து பார்த்தால் ரெக்சின் பளபளவென்று இருக்கும்; குதித்தால் தரை தட்டும். 20 செ.மீ. என்று அளந்து வாங்கிய மேட் 20 செ.மீ.க்கு வேலை செய்வதில்லை. மழை உள்ளே போகக் கூடாதென்று வலையின் மேல் டேப் ஒட்டி வைப்பது இன்னும் மோசம். இருந்த ஈரத்தையும் அது உள்ளேயே பூட்டிவிடுகிறது.

அந்தக் காலத்தில் மண்ணில் விழுந்து பழகவில்லையா என்ற கேள்வி வரும். பழகினார்கள். ஆனால் மல்யுத்தக் கோதாவின் மண் வெறும் தரை அன்று. அதைக் கிளறி, சலித்து, எண்ணெய் விட்டுப் பதப்படுத்தினார்கள். மண்ணைத் தினமும் பதம் பார்த்த அக்கறை நம்மிடம் மேட்டுக்கு இல்லை என்பதே உண்மையான வித்தியாசம். மெத்தையில் பழகும் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அடுத்த ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. மிக மென்மையான மேட்டிலேயே பழகியவர் போட்டி மேட்டில் இறங்கும்போது தடுமாறத்தான் செய்வார். அதற்கு மருந்து பயிற்சியை மெல்ல மெல்ல இறுக்கமான மேட்டுக்கு மாற்றுவது. நமத்த மேட்டைக் கொடுத்துத் துணிச்சல் வளர்ப்பது அல்ல. பணம் இல்லை என்பதுதான் எல்லாரும் சொல்வது. புது மேட் விலை அதிகம், மறுக்க முடியாது. உலர்த்துவதற்கு அவ்வளவு செலவில்லை.

வெயிலே இல்லாத மாதங்களில் எங்கே உலர்த்துவது என்பதற்கு விடை ஒவ்வொரு தேயிலை ஃபேக்டரியிலும் இருக்கிறது. பறித்த கொழுந்தை அங்கே வெயிலில் போடுவதில்லை. ட்ரஃப் எனும் நீண்ட தொட்டியின் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் மணிக்கணக்கில் காற்றை ஊதி வாட்டுகிறார்கள். மழை நாளில் காற்றைச் சற்றுச் சூடாக்கியும் விடுகிறார்கள். மேட்டுக்கும் வேண்டியது அதே ஓட்டமான காற்றுதான். பயிற்சி முடிந்ததும் சுவரை ஒட்டாமல், மரச்சட்டத்தின் மேல், வலைப்பக்கம் வெளியே தெரியும்படி நிமிர்த்தி வைத்து ஒரு விசிறியைத் திருப்பிவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஜிப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தால் போதும். பூஞ்சை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இன்னொன்றும் உண்டு. குளிரில் ரெக்சினும் ஃபோமும் விறைத்துக்கொள்ளும்; நேற்று மாலை இறங்கிய அதே மேட் இன்று காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் கடினமானது. அந்த முதல் அரை மணி நேரத்தைத் தரைப் பயிற்சிகளுக்கு ஒதுக்கிவிட்டு, பாரில் ஏறுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.