வேலை நடக்கும் இடத்தில் வெளிச்சம்

மூதூரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுவரில் வயர் பதிப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த வேலை எந்த இடத்தில் நடக்கப்போகிறது? அறையின் நடுவே ஒரு பெரிய மின்குமிழ் போதாதா என்று கேட்கலாம். போதாது. குசினிச் சுவரைப் பார்த்து நின்று மீன் வெட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தால், கத்தி பிடித்த கையில் அவருடைய நிழலே விழும். சிறிய மின்குமிழுக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால், விழும் வெளிச்சம் ஏறக்குறைய 4 மடங்காகும். ஆகவே படிக்கும் பிள்ளைக்கு உயரத்தில் தொங்கும் பெரிய குமிழைவிட அருகிலிருக்கும் மேசை விளக்கே நல்லது.

இத்தனை விளக்குக்கும் மின்கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வி நியாயமானது. 60 வாட் இழைக் குமிழ் தரும் சுமார் 800 லூமன் வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. குமிழ் தந்துவிடும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரித்தால், ஒரு குமிழிலேயே மாதம் 6 அலகு மிச்சம். அலகு கூடக்கூட விலையும் ஏறும் நம் நாட்டுக் கட்டணத்தில் அது பெரிய ஆறுதல். எனவே கடையில் வாட்டை மட்டும் கேட்காமல், பெட்டியில் லூமன் அளவையும் பார்த்து வாங்குங்கள்.