எந்த மலை முதலில்?

காலைப் பெரட்டில், இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி சொல்லுகிறார். அவர் மனம்போனபடி சொல்வதில்லை. ஏறக்குறைய 7 நாளைக்கு ஒரு தரம் எடுக்க வேண்டிய மலையைப் பன்னிரண்டு நாள் விட்டால் கொழுந்து முத்திப்போகும். முத்தின கொழுந்தில் நல்ல தூள் வராது. ஆகவே நாள் வந்த மலைக்கே முதலிடம். கவ்வாத்துக்குக் கணக்கு வேறு. அது 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தரம். கவ்வாத்தைத் தள்ளிப்போட்டால் இன்றைக்கு ஒரு குறையும் தெரியாது. போகப்போகத்தான் கொழுந்து குறையும்.

நாள் வேலை, வார வேலை, வருஷ வேலை என்று தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. நம் வீட்டு வேலைக்கு அப்படி ஒரு வரிசை உண்டா?

பெரும்பாலும் இல்லை. வீட்டில் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கே முதலிடம். கடைக்காரர் கேட்கிறார், கொடுக்கிறோம். சீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், கொடுக்கிறோம். திருவிழா வருகிறது, கடன் வாங்கியாவது செய்கிறோம். ஆனால் அம்மாவின் வயிற்றுவலி சத்தம் போடுவதில்லை. அடையாள அட்டையில் பிழையாக விழுந்த பெயர் வாசலில் வந்து நிற்பதில்லை. பிள்ளை கணக்குப் பாடத்தில் பின்னுக்குப் போவது பரீட்சை வரும்வரை தெரிவதில்லை. இவையெல்லாம் கவ்வாத்து மாதிரி. தள்ளிப்போடுவது சுலபம், பிறகு படுவது கஷ்டம்.

"இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான், நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். கையில் காசும் நேரமும் குறைவாக உள்ளவருக்குத்தான் வரிசை அதிகம் வேண்டும். உள்ளது கொஞ்சம், அது எதற்குப் போக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் எழுதுவோம்

ஒரு கொப்பித்தாளை எடுத்து ஐந்து தலைப்புப் போடுவோம்: பிள்ளைகள், உடம்பு, காசு, வீடும் பத்திரங்களும், ஊரும் உறவும். ஒவ்வொன்றின் கீழும் இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு நோக்கம். ஐந்தாறு எழுதினால் ஒன்றும் நடக்காது.

நோக்கம் ஆசையாக இருந்தால் போதாது. "பிள்ளையை நல்லா படிக்க வைக்கணும்" என்பது ஆசை. "வாரத்தில் ஐந்து நாள், இரவு 7 மணி முதல் 8 மணிவரை டீவியை நிறுத்திப் பிள்ளையைப் படிக்க வைப்போம்" என்பது நோக்கம். நடந்ததா இல்லையா என்று நிறுவைத் தராசு மாதிரிப் பார்க்க முடிய வேண்டும். "கடனைக் குறைக்கணும்" என்பதும் அப்படித்தான். எந்தக் கடன், எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று எழுதினால்தான் அது வேலைக்கு ஆகும்.

பிறகு மூன்று கேள்வி கேட்போம்

ஒன்று, இதற்குக் கடைசி நாள் இருக்கிறதா? இரண்டு, பிந்திப்போனால் பிறகு சரிசெய்ய முடியுமா? மூன்று, இதில் நம் கையால் ஆகக்கூடியது எது?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். தீபாவளி முற்பணம் கைக்கு வரப்போகிறது. கூரைத் தகரம் ஒழுகுகிறது. பழைய டீவியை மாற்ற ஆசை. சின்னவளுக்குக் காது குத்த வேண்டும். மூத்தவள் அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். 15 வயது முடிந்தும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. தகப்பனின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதிக் கணக்கில் வேறு மாதிரி. தாய்க்கு 35 வயதாகிவிட்டது, சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருநாளும் போகவில்லை.

மூன்று கேள்வியையும் கேட்டால் வரிசை தானாக வரும். அடையாள அட்டைக்குப் பரீட்சை என்ற கடைசி நாள் இருக்கிறது, ஆகவே அது முதலில். கிளினிக் அடுத்தது. கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை ஆரம்ப மாற்றத்திலேயே கண்டுபிடித்தால் தடுக்கலாம். முற்றினால் திரும்ப முடியாது. அந்தச் சோதனைக்குத்தான் 35 வயதிலும் 45 வயதிலும் வரச்சொல்லுகிறார்கள். மூன்றாவது தகப்பனின் பெயர். நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டம் போடுவது நூற்றுக்கு 12 என்று சேமலாப நிதி சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். எடுக்கப் போகும் நாளில் பெயர் பொருந்தாவிட்டால் அலைச்சல்தான். இருபது வருஷ உழைப்புக்கு ஓர் எழுத்து தடையாகக் கூடாது. நாலாவது கூரை, அடுத்த மழைக்கு முன் முடிக்க வேண்டும். காது குத்தைச் சிறிதாகச் செய்யலாம். டீவி காத்திருக்கட்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். முதல் மூன்றுக்கும் காசு அதிகம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு நாள் பேர். அந்த ஒரு நாளை இழக்க முடியாமல்தான் நாம் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். டவுனுக்குப் போகும் ஒரே நாளில் இரண்டு வேலையை முடிக்கப் பார்ப்போம். போவதற்கு முன் எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேட்டுக்கொண்டால் இரண்டாம் தரம் போக வேண்டி வராது.

யார் செய்வது?

நோக்கங்களை எழுதிவிட்டு எல்லா வேலையையும் தாயின் தலையில் போட்டால் அது திட்டமாகாது. விடிய முன் எழும்பிச் சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, நாள் முழுதும் மலையில் நின்று, அந்திக்குப் பீலியில் தண்ணீர் பிடிப்பவர் அவர். கிளினிக்குக்குப் போக வேண்டியவரும் அவர்தான். ஆகவே ஒவ்வொரு நோக்கத்துக்கும் பக்கத்தில் செய்பவர் பெயரை எழுதுவோம். தண்ணீர் பிடிப்பது தகப்பனாக இருக்கலாம். இரவுப் படிப்பைப் பார்ப்பது பாட்டனாராக இருக்கலாம். எழுத்துத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே. இளையவர் இருந்தால் படிவம் நிரப்பட்டும். அந்தத் தாளில் தாய்க்கென்றும் ஒரு வரி இருக்கட்டும். தையல் பழகுவதோ, வாரத்தில் ஓர் அந்தி ஓய்வோ, எதுவானாலும் சரி.

சம்பளத்தன்று பார்ப்போம்

தாளை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். மாதம் ஒரு தரம், சம்பளத்தன்று அந்திக்கு, கடைக்குக் கொடுக்கும் முன் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்போம். முடிந்ததை வெட்டுவோம். முடியாததற்குக் காரணம் கேட்போம். ஏசுவதற்கு அல்ல, வழி தேடுவதற்கு. கொழுந்து நிறைய வரும் மாதத்தில் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினால், வரட்சி மாதத்தில் கடைக் கொப்பியில் ஏறுவது குறையும்.

எல்லாம் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். சம்பளம், காணி, வீடு என்பவற்றைக் கேட்டுப் பெற ஒன்றாக நிற்க வேண்டியிருக்கிறது. அதற்காக, நம் கையால் ஆகும் காரியத்தைக் காத்திருக்க வைக்க வேண்டாம். வருகிற சம்பளத்தன்று ஒரு தாள் எடுங்கள். ஐந்து தலைப்பும் கஷ்டமாக இருந்தால் ஒன்றோடு தொடங்குங்கள். எது பிந்தினால் திரும்பி வராதோ, அதை முதலில் எழுதுங்கள்.