பாமர ரசிகனும் தீர்ப்புச் சொல்லலாம்

‘உலகப் புகழ்பெற்ற ராக், பாப் ஆல்பங்களைச் சாதாரண ரசிகன் எடைபோட முடியுமா?’ இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. முடியும் என்பதே என் கட்சி.

சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்பு கூடிவிட்டது தெரியும். அதைச் சொல்ல அவன் சமையல் பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஒரு வாய் வைத்துவிட்டு விருந்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆல்பம் என்பது என்ன?

நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு அமெரிக்காவில் 1948-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம். ஆக, இசைக் கலைஞருக்குக் கிடைத்தது நாற்பதைத் தாண்டிய சில நிமிடங்கள், இரண்டு பாதிகளாக. எந்தப் பாட்டை முதலில் வைப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எது ஒலிக்க வேண்டும், எதில் முடிப்பது என்றெல்லாம் அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனையில் உருவானதுதான் நாம் இன்று பேசும் ஆல்பம்.

நாமோ சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். ஒரு படத்தின் ஐந்து பாட்டுகளைக் கதைதான் கோர்க்கிறது. ஆல்பத்துக்குக் கதை கிடையாது. பாட்டுகளேதான் பூ, பாட்டுகளேதான் நார். ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஆல்பத்தைப் பற்றிப் பேசுவது, ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது போன்றது.

ஜொகூர் பாருக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. சிங்கப்பூர் வானொலி அலைகள் கடப்பிதழ் காட்டாமலேயே பாலம் தாண்டி நம் வீட்டுக்குள் வந்துவிடும். ஒலி 96.8-ல் தமிழ்ப் பாட்டு, கோல்டு 90.5-ல் பழைய ஆங்கிலப் பாட்டு. இந்தப் பக்கம் மின்னல், ராகா. பாலத்து நெரிசலில் நிற்கும் நேரத்தில் இத்தனையையும் கேட்டுவிடலாம். ஆனால் வானொலி உதிரிப் பூவைத்தான் கொடுக்கும். மாலையை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

தமிழ்க் காது சொல்லும் தீர்ப்பு

தேடிப் போனால் நம் காதுக்கு மட்டுமே கிடைக்கும் சில ஆச்சரியங்கள் இருக்கின்றன.

பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ 1967-ல் வெளிவந்தது. அதில் தட்டைத் திருப்பியதும் இரண்டாம் பக்கத்தில் முதலில் வருவது ஜார்ஜ் ஹாரிசனின் ‘வித்தின் யூ வித்தவுட் யூ’. தம்புராவும் தபேலாவும் தில்ரூபாவும் ஒலிக்கும். மேற்கத்திய ரசிகர்களில் சிலர் அலுத்துக்கொண்டு தாண்டிப் போன பாட்டு அது. சுருதிப் பெட்டி கேட்டு வளர்ந்த நமக்கோ, அந்நியர் வீட்டில் நம் தாத்தாவின் படம் மாட்டியிருப்பது போல இருக்கும். என் தீர்ப்பில் அந்த ஆல்பத்தின் நடுத்தூண் அதுதான்.

அதே குழு 1968-ல் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் தங்கி நிறையப் பாட்டு எழுதியது. அவற்றில் பல, அந்த ஆண்டே வந்த ‘வெள்ளை ஆல்பத்தில்’ இடம்பெற்றன. இரண்டு தட்டு, 30 பாட்டு. புகழ் பெரிது என்பதற்காக நான் தலையாட்ட மாட்டேன். பாதி போதும். அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே இதை ஒரே தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்ற எண்ணம் கொண்டவர்தான்.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973-ல் வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இடம்பிடித்த ஆல்பம். அதில் ‘மணி’ என்ற பாட்டு, கல்லாப்பெட்டியும் சில்லறைக் காசும் தாளம் போடத் தொடங்கும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஏழு. நம் மிஸ்ர சாபுவின் எண்ணிக்கை. ராக் ரசிகர்கள் இதை விநோதம் என்பார்கள். கச்சேரி கேட்ட நம் பாட்டிமார்களுக்கு இது பழகிய கணக்கு.

குவீன் குழுவின் ஃபிரெடி மெர்குரி பார்சி வம்சத்தவர். மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு. 1975-ல் வந்த ‘எ நைட் அட் தி ஆப்ரா’ ஆல்பத்தில் அவர் எழுதிய ‘பொஹீமியன் ராப்சடி’ ஏறக்குறைய ஆறு நிமிடம். புலம்பல், நையாண்டி, ஆவேசம் எல்லாம் ஒரே பாட்டில். இது என்ன கூத்து என்று கேட்டவர்கள் உண்டு. கூத்துதான்! தெருக்கூத்து பார்த்தவனுக்கு அது புரியும்.

நம்மவர் செய்த ஆல்பங்கள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். பினாங்கில் பிறந்த தமிழ்ச் சகோதரர்கள் அண்ணன் டேவிட் ஆறுமுகம், தம்பி லோகநாதன் ஆறுமுகம். இவர்களின் ‘எலிகேட்ஸ்’ குழு, ஹாங்காங் மேடைகளில் பாடிப் பக்குவப்பட்டு, பிறகு மலாய் பாப் இசையில் தனி ராஜ்ஜியம் அமைத்தது. எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு இசையமைத்தார்கள். லோகநாதன் 2007-ல் மறைந்தபோது நாடே வருந்தியது. அந்தப் பாட்டுகள் மலாய்க்காரர் வீட்டுத் திருமணங்களில் ஒலித்தன. நம் வீடுகளில் எத்தனை பேர் அவர்களின் ஒரு முழு ஆல்பத்தைக் கேட்டிருப்போம்?

1986-ல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்று பாட்டு வரிகளே இல்லாத ஆல்பம் தந்தார். தியாகராஜரையும் பாக்கையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். 2006-ல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ வந்தது. தமிழ் ராப் இசை மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏற்றுமதியானது. ஆனால் ‘வல்லவன்’ என்றதும் எல்லாரும் சொல்வது ‘மடை திறந்து’ ஒன்றைத்தான். அது 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படப் பாட்டின் மறுவடிவம். மற்ற பாட்டுகளில் இந்த மண்ணின் குரல் இருக்கிறது. அவற்றைக் கேட்காமலேயே ‘உள்ளூர்க் கலைஞர்களிடம் சொந்தச் சரக்கு இல்லை’ என்பது எந்த ஊர் நியாயம்?

30 விநாடிக் கணக்கு

முன்பெல்லாம் ஒலிநாடாவையோ குறுந்தட்டையோ காசு கொடுத்து வாங்கினோம். வாங்கிய பிறகு கேட்டாலும் கேட்காவிட்டாலும் கலைஞருக்கு ஏதோ போய்ச் சேர்ந்தது. இன்று கேட்பதே காசு. ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்குள் விரலால் தள்ளிவிட்டால் ஒன்றும் இல்லை. 2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே உரிமைத் தொகை கிடையாது.

யோசித்துப் பாருங்கள். உலக நட்சத்திரத்துக்கு ஆயிரம் என்பது தூசு. கூலாயிலோ குளுவாங்கிலோ ஓர் இளைஞன் கடன் வாங்கிப் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தால், அவனுக்கு அது மலை. முதல் பாட்டு எப்படியோ தேறிவிடும். மீதி ஒன்பது? அந்த ஒன்பதும் நம் விரல் நுனியில்தான் இருக்கின்றன.

ஆகவே பாமர ரசிகனுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஓர் ஆல்பத்தை எடுத்தால் வரிசை மாற்றாமல், முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேளுங்கள். சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். முதல் முறை பிடிக்காத பாட்டு இரண்டாம் முறை பிடித்துப் போவது உண்டு. பிடித்தது சலித்துப் போவதும் உண்டு. அதற்குப் பிறகு நன்று என்றாலும் சரி, குப்பை என்றாலும் சரி, தயங்காமல் சொல்லுங்கள். பீட்டில்ஸ் ஆனாலும் பாதி போதும் என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஆனாலும் பிரமாதம் என்று சொல்லலாம். முழுதும் கேட்டவன் வார்த்தைக்கு எடை உண்டு.