மகப்பேறின்மையின் மனச்சுமை: கொரியப் பெண்களிடையே ஓர் அளவீடு

தேவாலயத்தில் அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசையக் கண்ட ஏலி, அவள் வெறித்திருக்கிறாள் என்று எண்ணினான். கண்டு மதிப்பிட்டதில் தவறினான். அவள் சொல்லக் கேட்ட பின்னரே உண்மையை அறிந்தான். மகப்பேறற்ற பெண்ணின் துயரை அளக்க முற்படும் உளவியலாரும் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றனர்.

இரத்தத்திலுள்ள சுரப்புநீரை ஆய்வகத்தில் அளக்கலாம். மன அழுத்தத்தை அவளையே வினவித்தான் அறிய வேண்டும். 1999-இல் கனடா நாட்டு ஆய்வாளர் நியூட்டனும் அவருடன் உழைத்தோரும் இதற்கென 46 கூற்றுகள் கொண்ட வினாத்தொகுதி ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றையும் தான் எவ்வளவு ஒப்புகிறாள் என்பதை ஆறு படிகளுள் ஒன்றால் அவள் குறிக்கிறாள். பிறர் பேச்சால் நேரும் வருத்தம், தாம்பத்திய உறவின் இடர், கணவனோடு மனம்விட்டுப் பேச இயலாமை, பெற்றோராகும் வேட்கை, பிள்ளையில்லா வாழ்வை ஏற்க மறுத்தல் எனக் கூற்றுகள் ஐந்து துறைகளாகப் பிரியும். மொத்த மதிப்பெண்ணைவிட, எத்துறையில் சுமை மிகுதி என்பதே ஆலோசகருக்குப் பயன்படுவது.

இதனைக் கொரிய மொழியில் பெயர்த்தால் போதுமா? போதாது. ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழக்கம். பின்னர் ஒரே துறைக் கூற்றுகள் கொரியப் பெண்களிடத்தும் ஒன்றோடொன்று இசைகின்றனவா, மனச்சோர்வை அளக்கும் பிற கருவிகளோடு ஒத்துப்போகின்றனவா எனக் கணக்கிடுவர். சொல் பொருந்தியும் வாழ்வு பொருந்தாமற் போகலாமன்றோ!

ஜோசோன் அரசர் காலத்தில் மனைவியைத் தள்ளிவிடுவதற்குரிய ஏழு காரணங்களுள் ஆண்மகவைப் பெறாமையும் ஒன்று. முன்னோர்க்குரிய சடங்கைத் தொடர மகன் வேண்டும் என்பது கன்பூசிய நெறி. (பிள்ளைப்பேறின்மைக்கு ஏறத்தாழப் பாதித் தம்பதியரில் ஆண்பாற் காரணமும் உண்டு, அக்காலத்தில் தள்ளப்பட்டவள் பெண்ணே.) ஆண்வழிக் குடும்பத்தலைமையைப் பதிவு செய்த சட்டமுறை 2008-இல்தான் ஒழிந்தது. எனவே கொரியப் பெண்ணின் சுமையில் கணவன் மட்டுமல்ல, மாமியாரும், சூசோக் என்னும் அறுவடைத் திருநாளில் கூடும் சுற்றத்தாரும் இடம்பெறுகின்றனர். மேலும், நெடுநாள் அடக்கிய சினமும் துயரும் நெஞ்சிறுக்கமாகவும் உடற்சூடாகவும் வெளிப்படுவதைக் கொரியர் 'ஹ்வாபியோங்', அதாவது நெருப்பு நோய், என்பர். உள்ளத்தை மாத்திரம் வினவும் தாளுக்கு இது அகப்படாமற் போகலாம்.

2023-இல் அந்நாட்டில் ஒரு பெண்ணுக்குரிய சராசரிக் குழந்தை எண்ணிக்கை 0.72 ஆகத் தாழ்ந்தது. பிள்ளை வேண்டாமென்போரும், வேண்டிப் பெறாதோரும் இவ்வோர் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றனர். பின்னவரைப் பிரித்தறியவும் தனி அளவீடு தேவைப்படுகிறது. 2017 அக்டோபர் முதல் கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்குத் தேசிய நலக் காப்பீடு கிடைத்தது. ஆனால் உடலுக்குச் சிகிச்சை எளிதானதால் மனச்சுமை தானே இறங்கிவிடும் என்று எண்ணுவது பிழை. சிகிச்சை தோற்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஏறக்கூடும்.

வினாத்தாளின் தலைப்பிலுள்ள சொல்லும் சிறிய காரியமன்று. கருவுறாமை எனப் பொருள்படும் 'புலிம்' என்ற சொல்லை நீக்கி, கருவுறுதலில் கடினம் எனப் பொருள்படும் 'நானிம்' என்பதைக் கொரியச் சட்டம் 2012-இல் ஏற்றது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் சாராய்க்குரிய சொல் 'மலடி' என்றே நிற்கிறது.