எண்பதுக்குக் கீழே இறங்குமுன்...

இலண்டன் மாநகரின் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் முதலிய பகுதிகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கி, இனி இது நம் சொந்த வீடு என்று மன நிறைவு கொண்டோர் அவர்களில் உண்டு. அவர்கள் கையிலுள்ள பத்திரமோ வேறொன்றைச் சொல்லும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையாகவே விற்கப்படுகின்றன. வாங்கியவர் 99 ஆண்டுகளோ 125 ஆண்டுகளோ அவ்வீட்டை அனுபவிக்கலாம். நிலமும் கட்டடமும் நிலவுடைமையாளருக்கே உரியவை. பல குத்தகைகளில் ஆண்டுதோறும் அவருக்கு நிலவாடகையும் செலுத்தவேண்டும்.

நம் ஊரில் தந்தை விட்டுச் சென்ற அரை ஏக்கர் காணி, பேரன் காலத்திலும் அரை ஏக்கராகவே இருக்கும். குத்தகை வீடோ எரியும் மெழுகுவர்த்தியைப் போன்றது. எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய அதன் விலை தேய்கிறது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. வாங்க வருவோரும் பின்வாங்குகின்றனர். பிள்ளைகளுக்கென்று தேடிய சொத்து, அவர்கள் கைக்கு வருமுன்னரே பாதி கரைந்திருக்கக்கூடும்.

இந்நிலைக்கு மாற்றாக 1993-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு எழுதப்பட்ட குத்தகையாயின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, உரிய தொகையைச் செலுத்தி மேலும் 90 ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளும் உரிமையை அது வழங்கியது. 82 ஆண்டுகள் எஞ்சியிருந்தால் அது 172 ஆகும். அதன்பின் நிலவாடகை ‘ஒரு மிளகு’ மட்டுமே. ஆம், நம் நாட்டு மிளகேதான்! வாடகையே இல்லை என்பதை ஆங்கிலச் சட்டம் அவ்வாறு குறிப்பிடுகிறது. இச்சட்டத்தை எதிர்த்து, இலண்டனின் பெரும் நிலவுடைமையாளரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தம் கட்சியை விட்டே விலகினார்.

இங்கே குடும்பத்தினர் மனத்தில் பதிக்கவேண்டிய எண் ஒன்று உண்டு; அது 80. நிலவாடகை இழப்புக்கும், வீடு தம்மிடம் திரும்பும் நாள் தள்ளிப்போவதற்கும் நிலவுடைமையாளருக்கு ஈடு தரவேண்டும். எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இல்லையெனில், நீட்டிப்பினால் பிறக்கும் கூடுதல் மதிப்பிலும் பாதியை அவருக்குத் தரவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. இதற்கு ‘மேரேஜ் வேல்யூ’ என்று பெயர். 1985-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை, 2004-இலேயே இந்த எல்லையைத் தொட்டுவிட்டது. அன்று கவனிக்காத குடும்பத்தின் மீது அச்சுமை ஏறியது.

2024-இல் நிறைவேறிய புதிய சட்டம் இப்பாதிப் பங்கை நீக்கவும், நீட்டிப்பை 990 ஆண்டுகளாக்கவும் வழிசெய்கிறது. ஆயினும் சட்டம் நிறைவேறியபோதே இவ்விதிகள் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அரசு தனியே நாள் குறித்தாக வேண்டும். வீடு வாங்கி ஈராண்டு காத்திருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31 முதல் நீங்கியது. எனவே எவ்விதி இன்று செல்லுபடியாகும் என்று கேட்டறிவதே முதல் வேலை. எண்பதுக்குச் சற்று மேலே நிற்போர் வாளாவிருத்தல் ஆபத்து. எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டோர், விரைவில் விற்கவோ கடன் பெறவோ தேவையில்லையெனில், பொறுப்பதா முந்துவதா என்பதை அறிந்தோரிடம் ஆராய்ந்து முடிவு செய்யலாம்.

செய்யும் முறையும் அரிதன்று. முதலில் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் தொகையைக் கணித்துக்கொள்ளவேண்டும். பின்னர் வழக்கறிஞர் வாயிலாக, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பவேண்டும். பதில் தர நிலவுடைமையாளருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அவர் பதில் தந்தும் உடன்பாடு ஏற்படாவிடில் தீர்ப்பாயத்தை நாடலாம். பதில் வந்த ஆறு மாதங்களுக்குள் நாடத் தவறினால் அறிவிப்புச் செயலிழக்கும், செலவும் வீணாகும்.

சட்ட வழியை விடுத்து, நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் அழைப்பர். தொகை குறைவாகத் தோன்றலாம். ஆனால் நீட்டிக்கும் ஆண்டுகள் குறைவாக இருக்கலாம். பழைய குத்தகையின் எஞ்சிய காலம் முழுவதும் நிலவாடகை தொடரவும் கூடும். ஒவ்வொரு வரியையும் படித்தறியாமல் கையெழுத்திடலாகாது. அரசின் நிதியுதவியோடு இயங்கும் ‘லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸ்’ என்னும் நிறுவனம் இது பற்றி இலவசமாக ஆலோசனை தருகிறது.

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் மக்களோ உறவினரோ அந்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்கியிருப்பின், அடுத்த முறை பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “பத்திரத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதி இருக்கின்றன?” விடை தெரியாவிடில், பத்திரத்தை எடுத்து அன்றே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.