சிமெண்டு ஆகாத சங்ககிரிக் கோட்டை

சேர்வராயன் மலையில் வெள்ளக்கடைப் பக்கம் காபித் தோட்டம் உண்டு, மிளகுக்கொடி உண்டு, கோட்டை கிடையாது. இத்தனைக்கும் அந்த மலை 1,500 மீட்டரைத் தாண்டும் உயரம். ஆனால் அந்தக் காலத்துத் தளபதிகள் தேடியது வேறு மாதிரி மலை. படையும் வரிப்பணமும் போகிற பாதையை ஒட்டிச் சமவெளியில் தனியாக நிற்க வேண்டும், சுற்றிலும் செங்குத்துப் பாறையாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் வேண்டும். சேலத்துக்கு இறங்கி, கோவை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் அப்படிப்பட்ட குன்று ஒன்று எதிரே வரும். அதுதான் சங்ககிரி.

தரையிலிருந்து ஏறத்தாழ 1,500 அடி. மூன்று பக்கம் ஏற வழியில்லை. நான்காவது பக்கத்தில் மதிலுக்கு மேல் மதில், வாசலுக்கு மேல் வாசல். முதல் வாசலை உடைத்துக்கொண்டு வருகிறவன் அடுத்த மதிலில் காத்திருப்பவர்களின் காலடியில்தான் வந்து நிற்பான். படியேறி மூச்சு வாங்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் சொல்லாமலே விளங்கும்.

15ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில் எழுந்தது இந்தக் கோட்டை. பிற்பாடு திப்பு சுல்தானின் படைத்தளமாயிற்று. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஏதாவது கட்டிவைத்தார்கள். அதனால் பெருமாள் கோயில், பள்ளிவாசல், தானியக் கிடங்கு, வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் எல்லாம் ஒரே மலையில் இருக்கின்றன. ஆனால் கொங்கு மக்களுக்கு இந்த மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலைதான். 1805-இல் கம்பெனி அவரையும் அவர் சகோதரர்களையும் தூக்கிலிட்டது இங்கேதான்.

சங்ககிரி போல் காலத்தால் சிதைந்த கோட்டையை என்ன செய்வது? பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஓ-கூனிக்ஸ்பூர் என்றொரு மலைக்கோட்டை. 1633-இல் சுவீடன் படை எரித்துவிட்டுப் போனது. பின்னாளில் அந்தப் பகுதி ஜெர்மனி வசம் இருந்தபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900-இல் தொடங்கி எட்டே ஆண்டுகளில் கூரை, கோபுரம், அறைகலன் வரை புதிதாக எழுப்பிவிட்டார். பார்க்க அழகுதான். எது பழசு, எது கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட்டின் கற்பனை என்ற சண்டை மட்டும் அன்றே தொடங்கிவிட்டது.

நம் தொல்லியல் துறை அந்த வழியில் போகவில்லை. அதன் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923-இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டிலிருந்தே கொள்கை இதுதான்: இருப்பதைத் தாங்கிப் பிடி, இல்லாததைக் கற்பனையில் கட்டாதே. மதிலைப் பிளக்கும் ஆலங்கன்றை வேரோடு எடுப்பது, சரிந்த கல்லைத் திரும்ப அடுக்குவது, சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசுவது, இப்படிப்பட்ட வேலைகள்தான். அந்தச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சிமெண்டு பூசினால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். உப்புப் பூத்துப் பழைய செங்கல்லும் காரையும் உதிரும். 1960களிலிருந்து சிமெண்டு ஆலை ஓடுகிற ஊரின் தலைமேல் நிற்கும் கோட்டைக்குச் சிமெண்டு ஆகாது என்பது வேடிக்கைதான்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சங்ககிரிக்கு அந்தப் புகழ் இல்லை. நெடுஞ்சாலையில் போகும் லாரிக்காரர்களே, லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்றுதான் இதை அறிவார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. அன்று சின்னமலையின் நினைவிடத்தில் மாலை போட அமைச்சர்களும் கட்சிக்காரர்களும் வரிசையாக வந்து போவார்கள். கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறோம் என்பவர்கள் மார்கழி, தை மாதங்களில், விடிந்ததும் ஏறத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும். குடிக்கத் தண்ணீரைக் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும்.